நூலும் நாமும்: சிரிக்க வைக்கும் பேய்கள்

சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை மூன்று முறை படித்தேன். திருப்பதியில் வாழும் ஓர் அம்மையார் எழுதியது. பெயரும் தெருவும் வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டமையால் செய்தியை மட்டும் கூறுகின்றேன்.

அவர் மகனுக்கு வயது 12. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றான். தமிழ் அங்கே இல்லை. அவனுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டியவர் அவன் ஆயா, தந்தையைப் பெற்றவர். காட்டிய நூல் ஆத்திசூடி அன்று. பழைய அம்புலிமாமா இதழ்களைத் தைத்து வைத்திருந்த கட்டு. ஆயா வேதாளத்தின் குரலில் படிப்பாராம்; பையன் தலையணையைப் பிணமாகத் தோளில் சுமந்து, விக்கிரமனாகக் கூடத்தைச் சுற்றி வருவானாம். அப்படி எழுத்துக் கூட்டியவன் இன்று தானாக எடுத்துப் படிக்கும் தமிழ் நூல்கள் ஒரே வகையின: பேயும் வரவேண்டும், சிரிப்பும் வரவேண்டும். வேறெதையும் தொடுவதில்லை.

ஆயா தை மாதத்தில் காலமானார். காரியம் முடிந்த மறுவாரம், பையன் ஒரு மூலையில் அமர்ந்து இத்தகைய நூல் ஒன்றைப் படித்து வாய்விட்டுச் சிரித்தான். அவன் அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "செத்த வீட்டில் பேய்க் கதையா? அதுவும் சிரித்துக்கொண்டா?" என்று கேட்டு, எல்லா நூல்களையும் ஒரு பழம்புடைவையில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். தலைத் திவசம் முடியும்வரை இறக்கக் கூடாது என்பது கட்டளை. அம்புலிமாமாக் கட்டும் அதனுள் போயிற்று.

"அண்ணியார் சொல்வதும் ஞாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகத்தோடு தமிழும் பரண் ஏறிவிட்டதே! இந்தப் பேய்ச் சிரிப்பு நூல்கள் பிள்ளைகளுக்கு ஆகுமா, ஆகாதா? நீங்கள் படித்ததுண்டா? உங்களுக்குப் பிடித்தனவா?" என்று அம்மையார் கேட்கின்றார்.

படித்ததுண்டு. சில பிடித்தன, பல பிடிக்கவில்லை, ஒரு நூல் ஓர் ஆண்டு பிடிக்காமல் இருந்து, பின்னர்ப் பிடித்தது. ஏன் என்பதைச் சொல்ல முயல்கின்றேன்.

பேயும் நகைச்சுவையும் சேர்வது திரைப்படத்தால் வந்த பழக்கம் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். காஞ்சனா (2011), அரண்மனை (2014), யாமிருக்க பயமே (2014) எனத் தமிழில் வரிசையாக வந்தன. தெலுங்கில் ஆனந்தோ பிரம்மா (2017) என்னும் படத்தில் பேய்களே மனிதரைக் கண்டு நடுங்கின. ஆயினும் இந்தச் சேர்க்கை நமக்குப் புதிதன்று. மெய்ப்பாடு எட்டு என்று வகுத்த தொல்காப்பியர் நகையையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்தார் என்பது மெய்யே. அவற்றை ஒரே கலத்தில் ஊற்றிக் கலக்கிய புலவர் பிற்காலத்தில் வந்தனர். அவர்களுள் முதல்வர் என்று நான் கருதுபவர் நம் பக்கத்து ஊரில் வாழ்ந்தவர்.

திருவாலங்காட்டை அறியாதார் நம்முள் இலர். 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குப் போகும்வரையில், அவ்வூர் நம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டம். அதை அடுத்ததே நீலி கதை நிகழ்ந்த பழையனூர். நீலியின் கதையில் சிரிப்புக்கு இடமே இல்லை. வஞ்சம், பழி, வாக்குக்காகத் தீப்பாய்ந்த எழுபது வேளாளர் என்று முற்றும் அச்சமே. அதை விட்டு ஆலங்காட்டுச் சுடுகாட்டுக்கு வருவோம்.

காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்று, தலையால் நடந்து வந்து சேர்ந்த இடம் அது. அங்கே அவர் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒரு பேய் வருகின்றது. கள்ளிமரக் கிளையின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, எரியும் கொள்ளி ஒன்றை எடுத்து மசித்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கின்றது. அழகு பார்த்து மகிழ்ந்து வெடிச் சிரிப்புச் சிரிக்கின்றது. உடனே எதற்கோ வெருண்டு அக்கம்பக்கம் பார்க்கின்றது, துள்ளுகின்றது. பிணம் சுடும் நெருப்பு அதனைச் சுட்டுவிடுகின்றது. வந்த கோபத்தில் புழுதியை வாரி வாரி அந்நெருப்பின்மேல் இறைக்கின்றது. ஈமத்தீயோடு சண்டையிடும் பேய்! நான் முதன்முதலாக இப்பாட்டைப் படித்தபோது, பதிகம் என்பதையும் மறந்து சிரித்தேன். சிரித்தபின் இது தவறோ என்று ஐயுற்றேன். பிறகு தெளிந்தேன். அம்மையார் அப்பேயைக் கேலி செய்யவில்லை. தாமும் அதன் சுற்றத்தாருள் ஒருவராய், காரைக்கால் பேய் என்றே தம்மைக் கூறிக்கொள்பவர். ஒரு வீட்டுப் பெண் மற்றொரு பெண்ணின் அவசரத்தைப் பார்த்துப் புன்னகைப்பது போன்றது அந்நகை.

அதே பதிகத்தில் இன்னொரு பாட்டு உண்டு. ஒரு தாய்ப்பேய் நிணத்தை விழுங்கி, வெண்டலை மாலையைப் பூண்டு, தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டுச் சீராக வளர்க்கின்றது. பிள்ளைமேல் படிந்த புழுதியைத் துடைத்து, பாலூட்டிவிட்டுப் போகின்றது. போன தாய் வரக்காணாமல் அக்குழவி அழுது அழுது உறங்கிவிடுகின்றது. இறைவன் ஆடும் காடு அத்தகையது என்று பாட்டு மேலே செல்கின்றது. இங்கே சிரிப்பு வரவில்லை; ஆனால் முன் பாட்டில் சிரித்தவருக்கே இப்பாட்டு நெஞ்சில் தைக்கும். மை தீட்டிய பேயை நமக்கு வேண்டியவளாக ஆக்கிவிட்டமையால், பிள்ளைப்பேயின் அழுகையும் நமக்கு வேண்டியதாகிவிடுகின்றது.

இஃதொன்றே நான் கண்ட உரைகல். கதையிலுள்ள பேய்க்கு அதற்கென்று ஒரு வேண்டுதல் இருக்கின்றதா? பசியோ, பிள்ளையோ, அழகுப் பற்றோ, மானமோ, உறக்கமோ, ஏதேனும் ஒன்று? இருந்தால் அதனிடம் அஞ்சவும் முடியும், அதனை நினைத்துச் சிரிக்கவும் முடியும். இல்லையேல் அது வயலில் நட்ட சோளக்கொல்லைப் பொம்மை. அதன் பக்கத்தில் நின்று எத்தனை கோமாளி கூத்தாடினாலும் அச்சமும் வாராது, நகையும் வாராது.

வேண்டுதலுள்ள பேய்கள் என்றால் கலிங்கத்துப் பரணியை மிஞ்சிய நூல் இல்லை. முதற் குலோத்துங்கன் காலத்தில், கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற செய்தியைச் சயங்கொண்டார் பாடினார். நூலின் பெரும்பகுதி போர் அன்று. பசித்த பேய்களின் கூட்டம். போர் வாராதா, கூழ் கிடைக்காதா என்று அவை காளியிடம் முறையிடுகின்றன. ஒவ்வொரு பேய்க்கும் ஓர் ஊனம். ஒவ்வோர் ஊனத்துக்கும் ஒரு காரணம். போர் முடிந்ததும் களத்தில் சமையல். அதற்குமுன் பல் விளக்க யானைக் கொம்பு, நாக்கு வழிக்க விலாவெலும்பு, எண்ணெய் முழுக்குக்கு யானையின் மதநீர். நம் வீடுகளில் தீபாவளிக் காலையில் நடைபெறும் அத்தனையும் முறை தவறாமல் நடைபெறுகின்றது. பின்னர் முரசை உரலாக்கி, யானைத் தந்தத்தை உலக்கையாக்கி, வீரர்தம் பற்களை அரிசியாகக் குற்றுகின்றன. கேடயத்தைச் சுளகாக்கிப் புடைக்கின்றன. கூழ் வார்க்கும் பந்தியில் சமணப் பேய்க்கு மயிர் படாமல் வடிகட்டி வார்க்க வேண்டும். குருட்டுப் பேய்க்குக் கையில் கலத்தைத் தடவிக் கொடுக்க வேண்டும். ஊமைப் பேய் தன் பசியைக் கையாற் காட்டுகின்றது. கலியாணப் பந்தியில் பரிமாறிய அனுபவம் உள்ளவர்க்குச் சயங்கொண்டாரின் குறும்பு நன்கு விளங்கும்.

இதைப் பல்லாண்டு களிப்போடு படித்தும் பிறர்க்குச் சொல்லியும் வந்தேன். ஒரு நாள் என் நண்பர் ஒருவர்க்குச் சொன்னேன். அவர் தெலுங்கர், ஸ்ரீகாகுளத்தவர், அரசுப் பணியில் ஓய்வு பெற்றுத் திருப்பதியில் தங்கிவிட்டவர். மாலையில் உலாவச் செல்லும்போது கதையைத் தெலுங்கில் கூறினேன். யானைக் கொம்பாற் பல் விளக்குவது கேட்டுக் குலுங்கிச் சிரித்தார். எண்ணெய் முழுக்குக்கும் சிரித்தார். பல்லரிசி வந்ததும் நின்றார்.

"அந்தப் பற்கள் யாருடையவை?" என்றார். "கலிங்க வீரருடையவை" என்றேன். "அப்படியென்றால் எங்கள் ஊராருடையவை" என்றார்.

அவர் கூறியது சரியே. கலிங்க மன்னன் அனந்தவர்மனின் தலைநகரான கலிங்க நகரம் ஸ்ரீகாகுளத்து முகலிங்கமே என்று அறிஞர் கொள்வர். பரணிக்குத் தோற்றவர் நாட்டின் பெயரையே இடுவது மரபு என்பதை நான் பாடமாகச் சொல்லியதுண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் ஒருவர் என் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கக்கூடும் என்று நினைத்ததில்லை. அவர் சினக்கவில்லை. "மேலே சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். ஊமைப் பேய் கையாற் பசி காட்டிய இடத்தில் மறுபடி சிரித்தார். ஆனால் முன்பு சிரித்த சிரிப்பு அன்று அது. நானும் அதன்பின் அப்பகுதியை முன்போல் படிப்பதில்லை. நூல் தாழ்ந்துவிடவில்லை, பானையின் எந்தப் பக்கத்தில் அமர்ந்து படிக்கின்றோம் என்பது இப்பொழுது தெரிகின்றது. தமிழரும் தெலுங்கரும் சுவர் ஒட்டி வாழும் நம் ஊர்களில் இதனை அறிந்திருத்தல் நல்லது.

அத்தையாரின் கோபமும் இவ்வகையதே என்று எனக்குத் தோன்றுகின்றது. அவர் தாயை இழந்தவர். சிரிப்பு அவர் அமர்ந்திருந்த பக்கத்திற்கு வேறு விதமாகக் கேட்டிருக்கும்.

எனக்கும் அது நேர்ந்தது. ஆங்கிலத்தில் ஆஸ்கார் வைல்டு 1887இல் எழுதிய 'கேன்டர்வில் பேய்' என்னும் குறுங்கதையை மாணவப் பருவத்திலேயே படித்திருந்தேன். அமெரிக்கத் தூதர் ஒருவர் இங்கிலாந்தில் பேய் குடியிருக்கும் மாளிகையை விலைக்கு வாங்குகின்றார். தரையில் முந்நூறாண்டு அழியாத இரத்தக் கறை. மூத்த மகன் ஒரு கறைநீக்கி மருந்தைப் பூசித் துடைத்துவிடுகின்றான்! கறை மறுநாள் மறுபடியும் வருகின்றது. பின்பு நாளொரு நிறமாக வருகின்றது. ஒரு நாள் பச்சை நிறத்திலும் வந்துவிடுகின்றது. பேய் அவ்வீட்டுப் பெண்ணின் வண்ணப் பெட்டியைத் திருடிப் பூசிக்கொண்டிருந்தது என்று பின்னர்த் தெரிகின்றது. இரவில் சங்கிலியை இழுத்து வரும் பேய்க்குத் தூதர் எண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கொடுத்து, சத்தம் வாராமல் பூசிக்கொள்ளச் சொல்கின்றார். இரட்டைச் சிறுவர் தலையணையால் அடிக்கின்றனர். அவர்கள் செய்து வைத்த பொய்ப்பேயைக் கண்டு உண்மைப் பேய் ஓடிப் போர்வைக்குள் ஒளிந்துகொள்கின்றது. தன் தொழிலிற் பெருமையுள்ள பழைய கலைஞன் ஒருவன், மதிப்பறியாத குடும்பத்தில் அகப்பட்டுக்கொண்ட கதை அது. நான் ஆண்டுதோறும் ஒரு முறை படித்துச் சிரிப்பேன்.

என் மனைவி மறைந்த ஆண்டில் மனத்தை மாற்ற எண்ணி அதனை எடுத்தேன். கறைநீக்கி மருந்து வந்தது, சிரிப்பு வரவில்லை. எண்ணெய்ப் புட்டியும் வந்து போயிற்று. பிற்பகுதியில், அப்பேய் முந்நூறாண்டாகத் தான் உறங்கவில்லை என்று அச்சிறுபெண்ணிடம் கூறும் இடம் உண்டு. அங்கே நூலை மூடிவிட்டேன். எத்தனையோ முறை கடந்து சென்ற இடந்தான். அதன் பொருள் இதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டாண்டு கழித்து அவ்விடத்திலிருந்து தொடங்கி முடித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தபோது பச்சைக் கறைக்குச் சிரிப்பு வந்தது. முன்னினும் மிகுதியாகவே வந்தது.

ஆதலால், "இந்த நூல் நல்லதா" என்பது ஒரு கேள்வி. "இது எனக்கு இப்பொழுது ஆகுமா" என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு மதிப்புரைகாரன் விடை கூறலாம். இரண்டாவதற்குப் படிப்பவரே விடை காணவேண்டும். ஆகாத நாளில் மூடி வைப்பதில் இழுக்கில்லை.

இனித் தமிழ் உரைநடைக்கு வருவோம். புதுமைப்பித்தன் (1906–1948) 'வேதாளம் சொன்ன கதை' என்று ஒன்று எழுதினார்; விக்கிரமாதித்தன் கதையின் வேதாளத்தையே இக்காலத்திற்கு இழுத்து வந்து குறும்பு செய்தார். அம்புலிமாமாவில் ஊறிய பிள்ளைக்கு அது விருந்தாகும். சில சொற்களைப் பெரியவர் விளக்கவேண்டியிருக்கும். அவருடைய 'காஞ்சனை' (1943) வேறு வகை. கதை எழுதிப் பிழைப்பவர் ஒருவர், அவர் மனைவி, வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், இவ்வளவே. சொல்பவர் தம்மையே கிண்டல் செய்துகொள்ளும் குரல் முதலில் நம்மைப் புன்னகைக்க வைக்கின்றது. அப்புன்னகை மாறுவதற்குள் அறையில் பிணவாடை புகுந்துவிடுகின்றது. முடிவில் நடந்தது மெய்யா மயக்கமா என்று ஆசிரியர் கூறுவதில்லை. நகைச்சுவை அச்சத்தைக் குறைக்கும் என்பது பொதுக் கருத்து. இக்கதையில் அது அச்சத்திற்குக் கதவைத் திறந்துவிடுகின்றது. பன்னிரண்டு வயதுக்கு இதனைக் கொடுக்கமாட்டேன். நான் முப்பது வயதில் படித்துவிட்டு விளக்கை அணைக்காமல் உறங்கினேன்.

நாவல் என்று பார்த்தால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நினைவுக்கு வருகின்றது. 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்தது. வழக்கறிஞர் கணேஷ் எல்லாவற்றுக்கும் அறிவியல் காரணம் தேடுவார்; உடன் வரும் வசந்த் பேய் என்றே நம்பத் தலைப்படுவான்; இடையிடையே அவன் உதிர்க்கும் வேடிக்கைப் பேச்சு. அஞ்சுகின்றவனே கேலியும் பேசுவதால் அந்நூல் நிற்கின்றது. இருட்டில் நடக்கும் மனிதன் பாட்டு முணுமுணுப்பது போல, அச்சத்தை மறைக்கப் பிறக்கும் பேச்சு அது. ஆகவே நம்பும்படி இருக்கின்றது. இதுவும் வளர்ந்தோர்க்கு உரியதே.

வங்காளத்தில் இவ்வகைக்கு நம்மைவிட நீண்ட மரபு உண்டு. திரைலோக்கியநாத் முகோபாத்தியாயர் (1847–1919) என்பவர், நீர் உறைந்து பனிக்கட்டியாவது போல இருள் உறைந்து பேயாகின்றது என்று விளக்கம் கூறினார். அப்படியாயின் பேயை உருக்கவும் கூடும் அன்றோ!

பிடிக்காதவை எவை என்றால், பெயர் கூறாமல் இவ்வளவு சொல்வேன். பாழ்மாளிகை ஒன்று; அதனுள் நால்வர்; அவருள் ஒருவன் பருத்தவன், ஒருவன் திக்குவாயன். கதவு கிறீச்சிடும், பருத்தவன் விழுவான், திக்குவாயன் திக்குவான். பத்துப் பக்கத்திற்கு ஒரு முறை வெண்ணிற உருவம் வந்து போகும். கடைசி முப்பது பக்கத்தில் அவ்வுருவம் கொடுமைப்பட்டு இறந்த ஓர் ஏழைப்பெண் என்று தெரியவரும். உடனே எல்லாரும் அழுவர். முதலில் சிரித்த பகுதிக்கும் பின்னர் அழுத பகுதிக்கும் ஒட்டில்லை. இரண்டு வேறு துணிகளை வைத்துத் தைத்த தையல் வெளியே தெரிகின்றது. திரைப்படத்தில் இசையும் நடிப்பும் அத்தையலை மறைத்துவிடும். நூலில் மறைக்க ஒன்றுமில்லை. முதல் முப்பது பக்கத்தில் பேய்க்கு என்ன வேண்டும் என்பதன் சாயையேனும் தென்படாவிட்டால், நான் அத்தகைய நூலை மேலே படிப்பதில்லை. காலம் மிச்சம்.

நிற்க. கடிதத்திற்கு விடையைத் தபாலில் எழுதத் தொடங்கி, மனம் ஒப்பாமல், ஒரு ஞாயிறன்று சித்தூரில் ரயிலேறிப் பாகாலா வழியாகத் திருப்பதிக்கே போனேன். அத்தையார் என்னை வரவேற்று மோர் கொடுத்தார். பரணைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பையனிடம், அன்று எந்த இடத்தைப் படித்துச் சிரித்தாய் என்று மட்டும் கேட்டேன். அவன் அத்தையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான்.

"அது புதுப் புத்தகம் இல்லை தாத்தா. அம்புலிமாமாதான். நடுராத்திரியில் அலைகிற ராஜாவை வேதாளம் கேலி செய்கிற இடம். நான் சாப்பிடாமல் விளையாடப் போனால் என்னைத் திட்டுகிற குரலிலேயே ஆயா அதைப் படிப்பாள். அன்றைக்கு மனத்துக்குள் படிக்கும்போது அந்தக் குரல் அப்படியே கேட்டது. சிரித்துவிட்டேன்."

அத்தையார் உள்ளே போய்விட்டார். சிறிது நேரம் பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது.

அவர் திரும்பி வந்தபோது, பையனுக்குத் திருவாலங்காட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மை தீட்டிய பேயைச் சொன்னேன், அவன் சிரித்தான். அத்தையார் தூணருகே நின்று கேட்டார், முகத்தில் மாற்றமில்லை. தாய்ப்பேயையும் பிள்ளையையும் சொன்னேன். பையன் ஒன்றும் பேசவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆயிற்று ஐயா?" என்று அத்தையார் கேட்டார்.

"பாட்டில் அதற்குமேல் இல்லை அம்மா. அழுது உறங்கிவிட்டது என்பதோடு நிற்கிறது" என்றேன்.

"தாய் வந்திருப்பாள்" என்றார் அவர்.

"பேய்தானே அத்தை, ராத்திரி வந்திருக்கும்" என்றான் பையன். அத்தையார் புடைவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா வேறா என்று எனக்குத் தெரியவில்லை. நான் உற்றுப் பார்க்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து அம்மையார் தொலைபேசியில் பேசினார். தலைத் திவசத்திற்கு இன்னும் மாதங்கள் உள்ளன. ஆயினும் மூட்டை இறங்கிவிட்டது. அத்தையார் தாமே ஏணி வைத்து இறக்கினாராம். ஒரு நிபந்தனை: அம்புலிமாமாவை உரக்கப் படிக்கவேண்டும், அவர் காய் நறுக்கும் நேரத்தில். வேதாளத்தின் பேச்சு வந்தால் பையன் ஆயாவின் குரலில் படிக்க முயல்கின்றானாம். "அப்படி இல்லையடா, இன்னும் கொஞ்சம் மூக்கால் பேசுவாள்" என்று அத்தையார் திருத்துகின்றாராம்.

மூட்டையிலிருந்த மற்ற நூல்களைப் பையன் ஒவ்வொன்றாக மறுபடி படித்துப் பார்த்தான். அவற்றுள் மூன்றை அவனே கொண்டுபோய்ப் பரண்மேல் வைத்துவிட்டான். ஏன் என்று தாய் கேட்டதற்கு, "இதிலே பேய் சும்மா வந்து வந்து போகிறது அம்மா" என்றானாம்.